அறுபது மில்லிவோல்ட்

துயிரே ஒரு தாளை என் மேசையில் வைத்தாள்.
இரண்டு புள்ளி ஒன்று வோல்ட் இருந்த இடத்தில்
இப்போது இரண்டு புள்ளி ஒன்று ஆறு.
"மூன்றாம் இன்ஜின், இடப்பக்கக் கன்வெர்ட்டர், நாலாவது மாட்யூல்.
ஆறு மாதத்தில் அறுபது மில்லிவோல்ட்."
நான் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

கிருனாவில் ஜனவரி.
பட்டறைக் கதவுக்கு வெளியே மைனஸ் முப்பத்திரண்டு.
சுரங்கத்துத் தாது பெட்டிகளில் உறைந்து கட்டியாவதற்குள்
மலையிறங்கி நார்விக் துறைமுகம் சேர வேண்டும்.
"குளிராகக்கூட இருக்கலாம்" என்றேன்.
"ஒரே மின்னோட்டம், ஒரே சூடு.
அப்படித்தான் ஒப்பிட்டேன்" என்றாள்.

போன குளிர்காலமும் இப்படி ஒரு தாள் வந்தது.
இன்ஜினை நிறுத்தினோம், பிரித்தோம்.
உள்ளே எல்லாம் புதுமெருகு.
அளந்த வயரில்தான் ஒரு திருகாணி தளர்ந்திருந்தது.
இரண்டு நாள் போயிற்று.
போக்குவரத்து அலுவலகத்து பேர்-ஊலோவ்
போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தான்.
அன்றிலிருந்து பட்டறையில்
கண்ணுக்குத் தெரியாத எதற்கும் பெயர்
ஒரு துயிரே.
ரொட்டியில் வெண்ணெய் குறைந்தால்கூட.

உள்ளே நடப்பது இதுதான்.
நகத்தளவு சிலிக்கான் சில்லு,
அதன்மேல் ஒட்டிய எட்டு அலுமினியக் கம்பிகள்,
ஒவ்வொன்றும் தடித்த தையல்நூல் கனம்.
இறக்கத்தில் பிரேக் பிடித்தால் கொதிக்கும்.
எதிர்வண்டிக்குக் காத்து நின்றால் குளிரும்.
சூட்டில் அலுமினியம் எட்டுப் பங்கு நீளும்,
அடியில் சிலிக்கான் ஒரே பங்கு.
ஒட்டிய இடத்தில்
ஒவ்வொரு முறையும் ஓர் இழுபறி.
லட்சம் முறைக்குப் பின்
ஒரு கம்பி குதிகாலைத் தூக்கிக்கொள்ளும்.
புகை வராது. டிரைவர் முன்னால் விளக்கு எரியாது.
போனதன் சுமையை
மிச்சம் ஏழும் பங்கிட்டுக்கொள்ளும்,
கொஞ்சம் கூடுதலாய்க் கொதித்து.

எனக்கு எண்கள்மேல் பழைய கோபம் ஒன்று உண்டு.
பழைய ஊரில் எங்கள் வீடு மூன்றாம் மாடி.
அடியில் சுரங்கம் குடையக் குடைய நிலம் நகர்கிறதென்று
தரையில் ஆணி அறைந்து அளந்தார்கள்.
வருடத்துக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று கடிதம் வந்தது.
சமையலறைச் சுவரை விரலால் தடவினேன்,
கீறல் இல்லை.
கதவு உரசாமல் சாத்தியது.
மேசைமேல் முட்டையை வைத்தேன், உருளவில்லை.
ஆனாலும் காலி செய்தோம்.
நள்ளிரவிலும் வெயில் அடிக்கும் ஜூனில்
நல்ல சுவர்களை நல்ல சுவர்களாகவே இடித்தார்கள்.

"கையேட்டில் ஐந்து சதவீதம்" என்றேன்.
"இது மூன்றுகூட முழுசாய் இல்லை."
"முதல் மூன்றுக்கு ஆறு மாதம் ஆனது.
அடுத்த இரண்டுக்கு அவ்வளவு ஆகாது."
அதற்குமேல் அவள் பேசவில்லை.
தாளைத் திருப்பினேன்.
மூன்று வெவ்வேறு வயர்களால் மூன்று முறை அளந்து
ஒவ்வொரு திருகாணியையும் இறுக்கிய நேரத்தை
பென்சிலில் குறித்திருந்தாள்.
அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.
வோல்ட்டைப் பார்த்து அல்ல.

ஜெல்லைக் கரைத்துச்
சில்லை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தாள்.
தான் பார்க்காமல் என்னைப் பார்க்கச் சொன்னாள்.
ஐந்தாம் கம்பி தரையைவிட்டு எழும்பி நின்றது.
அடியில் அது இருந்த தடம்,
பிய்த்தெடுத்த தபால்தலையின் தடம் போல.
ஆறாவதன் பாதத்தில் வெடிப்பு ஓடத் தொடங்கியிருந்தது.

பேர்-ஊலோவ் போன் செய்தான்.
"எரிந்துவிட்டதா?"
"இல்லை."
"அப்புறம் எதற்குக் கழற்றினீர்கள்?"

மாலையில் ஒரே பஸ்ஸில் திரும்பினோம்.
வேலிக்கு அப்பால் பழைய ஊர் இருந்த இடம், பனி.
என் சமையலறை உயரத்தில் ஒன்றுமில்லை.
யாரும் கேட்காமலே முட்டைக் கதையைச் சொன்னேன்.
துயிரே கையுறையைக் கழற்றி
ஜன்னல் கண்ணாடியின் உறைபனியைச் சுரண்டினாள்.
"எத்தனை முறை வைத்துப் பார்த்தீர்கள்?"

ஒரே ஒரு முறை.